ஒரு செம்பு பச்சைத்தண்ணீர்

பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்காதே என்று ராக்கம்மாவுக்கு நான் சொல்லாத மாதம் இல்லை. கண்டல்முனைக்கும், அதற்கு மேலே குளத்தடியில் இருந்த குடியேற்றத்துக்கும் நான்தான் மருத்துவமாது. பெயர் மங்கையற்கரசி. அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள் கந்தோர்க்காரர் மட்டும்தான். மற்றவர்களுக்கு நான் மிஸி. கர்ப்பிணிகளுக்கும் மிஸி, பல்வலிக்காரருக்கும் மிஸி, மாடு கன்று போடாவிட்டாலும் மிஸி. டொக்டர் என்ற ஒருவர் அந்தக் கரைக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ராக்கம்மாவும் அவள் புருசன் லெட்சுமணனும் இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றை விட்டு வந்தவர்கள். ஊராரின் வயல்களில் நாட்கூலிக்குப் போனார்கள். கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை முத்துமாரி. நான்கு வயது. நான் எந்த நேரம் அந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்பில் கேத்தல் இருக்கும். ராக்கம்மா கோப்பையில் ஊற்றிக் குடிப்பாள். முத்துமாரி எதிரே குந்திக்கொண்டு தாயின் வாயையே பார்த்திருப்பாள். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துத் தாய் கோப்பையைக் கீழே வைத்ததும், பிள்ளை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிடும். தேயிலைச் சாயம் இரத்தத்தை ஊறவிடாது என்று நான் தொண்டை கிழியச் சொல்வேன். ராக்கம்மா சிரிப்பாள்.

"கொஞ்சூண்டு மிச்சந்தாங்க மிஸி. குடுக்காட்டி அழுவா."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எதிரே தீவில் ஆமி, இந்தக் கரையில் இயக்கம், இடையில் கடல். சீனி, சவுக்காரம், மருந்து எல்லாம் தடை. கண்டல்முனைச் சனம் கத்தோலிக்கர், கடல்தொழில் செய்கிறவர்கள். தேத்தண்ணிக்கு அவர்களும் ஆசைப்பட்டவர்கள்தான். சீனி இல்லாத தேத்தண்ணி அவர்களுக்குத் தேத்தண்ணியே இல்லை. ஆகவே அந்தப் பழக்கத்தையே விட்டிருந்தார்கள். குடியேற்றத்துச் சனம் விடவில்லை. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வருகிற தோட்டத்து உறவுகள் தேயிலைத் தூள் கொண்டுவந்து கொடுப்பார்கள். சீனி இருந்தால் சீனி, இல்லாவிட்டால் வெறும் சாயம். வயலுக்குப் போனாலும் போத்தலில் சாயம்தான் போகும்.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. ஒரு பக்கம் கடல் ஏறியது, மறுபக்கம் பறங்கியாறு பெருகிக் குளக்கட்டு உடைந்தது. மேடான இடம் என்று மிஞ்சியது மணல்திட்டியில் இருந்த வேதக்கோயில் மட்டும். கண்டல்முனைக் கரையார் குடும்பங்கள் கோயிலுக்குள் படுத்தார்கள். குடியேற்றத்திலிருந்து வந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்த மறைக்கல்விக் கூடம். பாதர் மடுவில் அகதிகளைப் பார்க்கப் போனவர். பாதை அறுந்து அங்கேயே நின்றுவிட்டார். லெட்சுமணன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் வந்தான். ராக்கம்மாவின் தலையில் உடுபுடவை ஒன்றும் இல்லை. கேத்தல், தேயிலை ரின், சாக்கில் சுற்றிய விறகு. இந்தப் பெண்ணைத் திருத்த முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

குடிக்க இருந்தது கோயிலுக்குப் பின்னாலுள்ள ஒரே ஒரு கட்டுக்கிணறு. வெள்ளம் வந்த இரவு தண்ணீர் அதன் கட்டுக்கு மேலால் ஓடியிருந்தது. ஊர்க் கக்கூசுகளில் இருந்ததெல்லாம் அந்த வெள்ளத்தோடு கிணற்றுக்குள் போயிருக்கும் என்பதைச் சொல்ல மருத்துவமாது தேவையில்லை. என்னிடம் அரை ரின் குளோரின் தூள் இருந்தது. அது இருந்தவரை போட்டேன். ஆசுப்பத்திரி மணக்கிறது என்று முகத்தைச் சுளித்தார்கள். நானும் நாலு வார்த்தை பேசினேன். பிறகு தூள் முடிந்துவிட்டது. இயக்கத்தின் மருத்துவப் பிரிவுக்கு ஆள் அனுப்பினேன். அவர்களிடமும் இல்லை. தீவிலிருந்து எடுக்கலாமென்றால், வெள்ளையாக எந்தத் தூளையும் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள்.

கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஒவ்வொரு பாயாகப் போய்ச் சொன்னேன். "ஓம் மிஸி" என்றார்கள். விறகு நனைந்திருந்தது, காய்ந்த சிரட்டையும் மட்டையும் சோற்றுப் பானைக்கே போதவில்லை. கொதித்த தண்ணீர் சப்பென்று இருக்கும் என்பது வேறு கதை. என் முதுகு திரும்பியதும் கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்கும். இத்தனை மரியாதையாகச் சொல்லைத் தட்டுகிற சனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வாந்திபேதி தொடங்கியது. முதலில் யோசேப் கிழவர் போனார். மழைக்குள் அவரைப் புதைத்துவிட்டு வந்தபோது இன்னும் சிலர் சுருண்டு கிடந்தார்கள். சீனி இல்லை, கஞ்சியை வடித்து உப்புப் போட்டுக் கரண்டி கரண்டியாகப் பருக்கினேன். என் பெட்டிக்குள் இருந்த சேலைன் போத்தல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மதலேனாவின் மகனுக்கு ஒன்று ஏற்றினேன், பிந்திவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை, கரைக்கு வருகிற மீன் பெயரெல்லாம் ஒப்புவிக்கிற பிள்ளை, என் கையிலேயே அடங்கிப்போனான். கடைசிப் போத்தல் பெற்றிசியாவுக்குப் போனது. அவள் சம்மாட்டி பெனடிக்றின் மகள். பெனடிக்ற் மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், கோயில் மூப்பர், பாதர் இல்லாத இடத்தில் அவர் சொல்தான் ஊருக்குச் சொல். ஆனால் அதற்காக அவர் மகளுக்குப் போத்தல் போகவில்லை. அந்த நேரத்தில் எல்லாரையும்விட மோசமாகக் கிடந்தவள் அவள். பிழைத்துவிட்டாள்.

மதலேனாதான் முதலில் கேட்டாள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து கோயில் வாசலில் சுவரில் சாய்ந்து இருந்தவள், எதிரே கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த முத்துமாரியைப் பார்த்தபடி என்னிடம் கேட்டாள்.

"மிஸி, அந்தப் பக்கத்தில ஏன் ஒருத்தரும் விழேல்லை?"

கேள்வியில் பிழையில்லை. நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே கிணறு, ஒரே வெள்ளம், சோற்றில் மொய்க்கிற அதே இலையான். நான் எழுந்து கூடத்துக்குப் போனேன். கேத்தல் அடுப்பில் இருந்தது. காலையில் ஏற்றினால் மாலையில்தான் இறங்கும்; விறகைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தவள் ராக்கம்மா மட்டுமல்ல. அந்தக் கூடத்தில் இருந்த குடும்பங்களெல்லாம் அதிலிருந்துதான் குடித்தன. தாகமெடுத்தால் சாயம், மாத்திரை விழுங்கச் சாயம், பிள்ளைக்கும் சாயம். தண்ணீர் குடிப்பதில்லையா என்று ராக்கம்மாவைக் கேட்டேன். நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோலப் பார்த்தாள்.

"பச்சத்தண்ணி எங்களுக்கு ஒத்துக்காதுங்க. தோட்டத்து லயத்துலயே அப்பிடித்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் நான் எதை விடச் சொல்லிச் சண்டை பிடித்தேனோ, அதுதான் இவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சாயத்தில் ஒரு மருந்தும் இல்லை. தண்ணீர் கொதித்திருந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்து மதலேனாவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி குடித்தால் கொலரா வராதோ என்று பக்கத்திலிருந்த ஒருத்தி கேட்டாள். கேட்ட விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது.

நம்புவதற்கு அவர்களுக்கு வேறொன்று கிடைத்திருந்தது. ராக்கம்மா விடியற்காலையில் கேத்தலைக் கழுவித் தேயிலைச் சக்கையைக் கிணற்றடி முருங்கைக்குக் கீழே கொட்டுவாள். கறுப்பாக ஏதோ கொட்டுகிறாள் என்று யாரோ கண்டிருக்கிறார்கள். கறுப்புத் தூள், கிணற்றடி, விடியற்காலை, தோட்டக்காட்டார். தோட்டக்காட்டார் என்பது அந்தச் சனத்துக்கு ஊரில் வைத்திருந்த பெயர்; நல்ல பெயரல்ல. மத்தியானத்துக்கிடையில், கிணற்றுக்குள் நஞ்சு போட்டுவிட்டார்கள் என்று கோயில் முழுக்க ஒரே பேச்சு. சக்கையை அள்ளிக்கொண்டுவந்து கடதாசியில் வைத்து மூப்பருக்குக் காட்டினார்கள். தேயிலையைக் கண்ணால் கண்டும், மூக்கால் மணந்தும், அது தேயிலை என்று ஒருவரும் சொல்லவில்லை. சாவீட்டுச் சனத்துக்குக் காரணம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமியைவிடக் கண்ணுக்குத் தெரிகிற ராக்கம்மா வசதியாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் கிணற்றடியில் எல்லாரும் கூடினார்கள். மழை சற்று விட்டிருந்தது. கூடத்துச் சனத்தை வரச் சொன்னார்கள். பெனடிக்ற் சத்தம்போட்டுப் பேசுகிற மனிதரல்ல. கூடத்தை விட்டு இன்றைக்கே வெளியேறவேண்டும் என்று சொன்னார். எங்கே போவது என்று லெட்சுமணன் கேட்டான். அது எங்களுக்குத் தெரியாது என்றார்கள். மேட்டைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். குடியேற்றத்தில் கூரை நுனிகள்தான் தெரிந்தன. பாம்பு ஏறாத மரமில்லை. அந்தச் சனத்தில் கைப்பிள்ளைக்காரிகள் இருந்தார்கள். வெளியே அனுப்பினால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

நான் முன்னால் போனேன். கிருமியைச் சொன்னேன், கொதித்த தண்ணீரைச் சொன்னேன், சக்கையைக் கையில் எடுத்து வாயில் போட்டுச் சப்பியும் காட்டினேன். நானும்தான் இந்தக் கிணற்றடியில் இருக்கிறேன், கொதித்த தண்ணீர் குடிக்கிறேன், எனக்கும் வாந்திபேதி வருத்தம் வரவில்லை. அப்படியானால் நானும் நஞ்சு போட்டேனா என்று கேட்டேன். கூட்டத்தில் கொஞ்சம் அசைவு வந்தது. பிறகு ஒரு பெண் சொன்னாள், நீங்கள் மிஸி, உங்களிடம் மருந்திருக்கும் என்று.

பெனடிக்ற் என்னை மறிக்காமல் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மிஸி, நீங்கள் என்ரை பிள்ளையக் காப்பாத்தினனீங்கள். உங்களை மறுத்துக் கதைக்கேல்லை. இவையள் கிணத்துக்குள்ள ஒண்டும் போடேல்லையெண்டால், எங்களுக்கு முன்னால அந்தத் தண்ணியக் குடிக்கட்டும். குடிச்சால் இருக்கட்டும். பிறகு ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். அதுக்கு நான் பொறுப்பு."

அவர் அதை நியாயமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரம். சனத்தை வெளியே விரட்டாமல் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று அவர் முகத்தில் தெரிந்தது. நஞ்சு போட்டவன் குடிக்கமாட்டான், குடித்தால் போடாதவன். இதில் என்ன பிழை? தண்ணீரில் உண்மையிலேயே சாவு இருக்கிறது, அதை ஒருவரும் போடவில்லை என்ற ஒன்றைத் தவிர வேறு பிழையே இல்லை.

குடிக்கவிடமாட்டேன் என்று கத்தினேன். நோய்த் தண்ணீரை வேண்டுமென்று குடிக்க வைப்பது கொலை என்றேன். ஆறிய கொதிதண்ணீர் கொண்டுவருகிறேன், அதைக் குடிக்கட்டும் என்றேன். கிணற்றிலிருந்து அள்ளிய கையோடு குடிக்கவேண்டும் என்றார்கள். லெட்சுமணன் வேட்டியை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு ராக்கம்மா வந்தாள். சக்கை கொட்டியவள் அவள்; அவள்தான் குடிக்கவேண்டும் என்று கூட்டத்திலும் யாரோ சொன்னார்கள்.

நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"விடுங்க மிஸி. வெளிய போனா புள்ளைக அத்தனையும் தண்ணியில போயிரும். ஒரு செம்புதானே. குடிச்சிட்டுப் போறேன்."

வாளி இறங்கியது. பெனடிக்ற் தன் கையாலேயே செம்பில் ஊற்றிக் கொடுத்தார். ராக்கம்மா அண்ணாந்து குடித்தாள். கூட்டம் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் மூச்சுவிட நிறுத்தி மறுபடி குடித்தாள். போதும் என்று பெனடிக்ற் சொன்னார். செம்பைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

முத்துமாரி இரண்டு கையாலும் செம்பைத் தூக்கிக் குடித்தாள்.

ஒருவரும் அவளைக் குடிக்கச் சொல்லவில்லை. அம்மா குடித்தாள், மிச்சம் வைத்தாள், அது தனக்கு. நான் பாய்ந்து தட்டிவிட்டபோது செம்பு வெறுமையாக இருந்தது. உருண்டு முருங்கையடிக்குப் போனது. பிள்ளை என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. சாயம் இல்லையென்று கோபம்.

கூட்டத்துக்குப் பெரிய ஆறுதல். பிள்ளையும் குடித்துவிட்டதே, இதற்கு மேல் என்ன சாட்சி? சில பெண்கள் ராக்கம்மாவின் கையைப் பிடித்தார்கள். பெனடிக்ற் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கூடத்துக்கு ஒரு கடகம் கருவாடு அனுப்பினார். அன்று முழுவதும் கிணற்றடியில் நல்ல சிநேகிதமாக இருந்தார்கள். வாளி முன்னைவிட அதிகமாக விழுந்தது, ஏனென்றால் தண்ணீரில் ஒன்றுமில்லை என்று நிரூபித்தாகிவிட்டது. நான் நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறை.

ராக்கம்மாவுக்கு வயிறு இளகியது, அவ்வளவோடு நின்றது. வேலைசெய்து இறுகின உடம்பு. அடுத்த நாள் மத்தியானம் முத்துமாரி சாப்பிட மாட்டேன் என்றாள். மாலையில் வாந்தி. பொழுது சாய்வதற்குள் கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் ஊறிய தோலாகிவிட்டது. உப்புக்கஞ்சியைக் கரண்டியால் விட்டேன். விட்டது விட்டபடி வந்தது. மறுபடி விட்டேன். ஒரு போத்தல் சேலைன் இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பேன். பெட்டியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

செய்தி கேட்டுப் பெனடிக்ற் வந்தார். கூடத்து வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்தார். பிறகு போய் வள்ளத்தை இறக்கினார். தீவு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார். நேவி சுடும் என்று எல்லாருக்கும் தெரியும். துடுப்பில் வெள்ளைத் துணி கட்டினார். லெட்சுமணன் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினான், நானும் ஏறினேன். நேவி சுடவில்லை. கடல்தான் விடவில்லை. அலை எங்களை இரண்டு தரம் கரையிலேயே கொண்டுவந்து போட்டது. மூன்றாம் தரம் தள்ளுவதற்காகப் பெனடிக்ற் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது, வேண்டாம் என்று நான் சொன்னேன். பிள்ளையின் நாடி என் விரலுக்குக் கீழே நின்றுபோயிருந்தது. அந்த மனிதர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்போதும் போகவில்லை. இப்போதும் போகவில்லை. ஆனால் அழுதது பொய்யில்லை.

மணல்மேட்டில் யோசேப் கிழவருக்கும் மதலேனாவின் மகனுக்கும் பக்கத்தில் முத்துமாரியைப் புதைத்தோம். சைவப்பிள்ளையைக் கத்தோலிக்கரின் சேமக்காலையில் புதைக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ராக்கம்மா நஞ்சு வைத்தாள் என்றும் அதற்குப் பிறகு ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீரில்தான் நோய் என்று நான் நாள்கணக்காகக் கத்தியபோது நம்பாதவர்கள், அந்தக் குழியைப் பார்த்த பிறகு நம்பினார்கள்.

அன்று மாலை மதலேனா கூடத்துக்கு வந்தாள். கையில் ஒரு வெறும் பானை. அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள், அவர்களிடமும் பானைகள். பெனடிக்ற் தன் பழைய வள்ளமொன்றை உடைப்பித்து, காய்ந்த பலகையாகப் பார்த்து எடுத்துக் கூடத்து வாசலில் அடுக்கியிருந்தார். மதலேனா உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றாள்.

"அக்கா, எங்களுக்கும் கொஞ்சம் கொதிக்க வச்சுத் தாறியளோ?"

எழுப்பாதே, அவள் படுத்திருக்கட்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ராக்கம்மா எழும்பி அடுப்பை ஊதத் தொடங்கிவிட்டாள். பலகை நன்றாகப் பிடித்தது. கேத்தல் போதாதென்று சோற்றுப் பானையையும் ஏற்றினாள். தேயிலை ரின்னைக் கவிழ்த்து அடியில் இருந்ததையெல்லாம் தட்டிப் போட்டாள். வந்தவர்களின் பானைகளில் ஒவ்வொன்றாக ஊற்றினாள். அன்றிலிருந்து கண்டல்முனை முழுவதும் அந்த அடுப்பில் கொதித்ததைத்தான் குடித்தது. தூள் முடிந்த பிறகும் வெறும் கொதிதண்ணீரைத் தேத்தண்ணி என்று சொல்லிக் குடித்தது. வாந்திபேதி அதோடு மெல்லமெல்ல அடங்கியது.

எல்லாரும் போன பிறகு நான் ஒரு கோப்பையில் ஊற்றி அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாளாக அவள் வாயில் ஒன்றும் படவில்லை. கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன். வாங்கி, ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு, அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, கோப்பையைக் கீழே எதிர்ப்பக்கமாகத் தள்ளிவைத்தாள்.

நாங்கள் இருவரும் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஆறிய பிறகு நான்தான் எடுத்துக் குடித்தேன்.